கப்பலேறி வந்த கைப்பக்குவம்

சென்னைக்காரர்கள் வெளியே போய் அயல்நாட்டுச் சாப்பாடு சாப்பிட ஆரம்பித்த கதையைக் கேட்டால், பலரும் மவுண்ட் ரோட்டுப் பக்கத்து சீன உணவகங்களிலிருந்துதான் தொடங்குவார்கள். வசதி இருந்தவர்களுக்கு அது சரி. பாரிமுனையில் மூட்டை தூக்கியவர்களுக்கும், லாரி கிளீனர்களுக்கும், என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கும் கைக்கு எட்டிய முதல் அயல்நாட்டுச் சாப்பாடு பர்மா சாப்பாடுதான். அதற்கு மேசை இல்லை, மெனு கார்டு இல்லை. சாயங்காலமானால் செகண்ட் லைன் பீச் ஓரம் வந்து நிற்கும் தள்ளுவண்டிதான் உணவகம்.

1983-இல் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பகலெல்லாம் துறைமுகத்துக்கும் கஸ்டம்ஸ் ஹவுசுக்கும் காகிதக்கட்டோடு நடப்பது, மாலையில் பசியோடு அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் வண்டி முன்னால் நிற்பது என்று வாழ்க்கை போனது. பிறகு எனக்குப் பெண் அமைந்ததும் பர்மாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில், வியாசர்பாடி பி.வி. காலனியில். மாமனார் அத்தோ வண்டி வைத்திருந்தவர். ஆக, வண்டிக்கு இந்தப் பக்கம் நின்று சாப்பிட்டிருக்கிறேன்; அந்தப் பக்கம் விடியற்காலையிலேயே தொடங்கும் உழைப்பையும் பார்த்திருக்கிறேன். இன்று அத்தோவைப் பற்றி நிறைய வீடியோக்கள் வருகின்றன. ருசியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அது எந்தக் கப்பலில், யாருடைய இழப்பில் வந்தது என்பதைப் பேசுபவர்கள் குறைவு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் அத்தோ எப்படிச் செய்யப்படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். அவித்து ஆறவைத்து, எண்ணெய் தடவி உதிர்த்த நூடுல்ஸ் ஒரு பெரிய எவர்சில்வர் பேசினில் குவிந்திருக்கும். ஆரஞ்சு நிறம் ஏற்றியிருப்பார்கள். சுற்றிலும் சின்னச் சின்ன டப்பாக்கள். ஒன்றில் மெல்லிசாக அரிந்த முட்டைக்கோஸ், ஒன்றில் பச்சை வெங்காயம், ஒன்றில் பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், ஒன்றில் பொரித்த பூண்டு. புளிக்கரைசல், வறுத்த மிளகாய்த்தூள், உப்பு, பொட்டுக்கடலை மாவு, கொத்தமல்லித்தழை, எலுமிச்சம்பழம் எல்லாம் கை நீட்டினால் எடுக்கிற தூரத்தில். ஒரு ப்ளேட் கேட்டதும் கிண்ணத்தில் நூடுல்சைப் போட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்து, மேலே பூண்டு பொரித்த எண்ணெயை ஊற்றி, கையாலேயே பிசைவார்கள். அடுப்பு இதில் தலையிடுவதே இல்லை. அதனால்தான் கைக்கு இவ்வளவு பொறுப்பு. புளி கொஞ்சம் முந்தினாலும் மாவு கட்டி தட்டிவிடும். எண்ணெய் குறைந்தால் நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டும். என் மாமனார் ஐந்து விரலையும் விரித்து, அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கி உதறுவார். அமுக்கிப் பிசைந்தால் நூடுல்ஸ் நொறுங்கிவிடும் என்பார். வண்டி கிளம்புவதற்கு முன் வீட்டில் நடக்கும் வேலைகளில் பூண்டு பொரிப்பதை மட்டும் அவர் யாரிடமும் விட்டதில்லை. நிறம் மாறத் தொடங்கும்போதே சட்டியை இறக்கிவிட வேண்டும். மீதியை எண்ணெயின் சூடு பார்த்துக்கொள்ளும். இறக்க ஒரு நிமிடம் தாமதித்தாலும் அன்றைய எண்ணெய் முழுக்கக் கசப்பு.

பக்கத்திலேயே ஒரு அண்டாவில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். இஞ்சி, பூண்டு, மிளகு மணக்கும் அந்த சூப்பை அத்தோவோடு குடிக்கலாம். மெல்லிய நூடுல்ஸ் மேல் ஊற்றினால் மொய்ங்கா. மொறுமொறுவென்று பொரித்ததை நொறுக்கிப் போட்டுச் சூப்போடு கொடுத்தால் பேஜோ. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்து, புளிக்கரைசலும் எண்ணெயும் சொட்டி, மிளகாய்த்தூள் தூவித் தருவது முட்டை மசாலா. அதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சாப்பாட்டைத் தமிழர்கள் கற்றுக்கொண்ட கதை நெல்லில் தொடங்குகிறது. 1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது பெரிய வியாபாரமாயிற்று. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடாகவும் சதுப்பாகவும் கிடந்த நிலமெல்லாம் வயலானது. நிலத்தைத் திருத்தக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். அறுவடைக்கும், அரிசி ஆலைக்கும், ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றவும் மேஸ்திரிகள் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் கப்பல் ஏறினார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் இருந்த இந்தியர்கள் சுமார் 10 லட்சம் பேர். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்களே. ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் ரங்கூனில் இருப்பது சாதாரணம். 1952-இல் வந்த ‘பராசக்தி’ படத்தில் அண்ணன்மார் மூவரும் ரங்கூனில் இருப்பதை அன்றைய ரசிகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வாழ்க்கையில் கசப்பும் இருந்தது. 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போனது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13-இல், மந்தத்துக்கு முன் நகரத்தார் வசம் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு; 1938 வாக்கில் அது நான்கில் ஒரு பங்கு ஆகிவிட்டது. நிலம் இழந்தவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. 1930-இல் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்களுக்கும் பர்மியத் தொழிலாளர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாகரீதியாகப் பிரிக்கப்பட்டது. பின்னாளில் வந்த துரத்தலுக்கு விதை அந்தக் காலத்திலேயே விழுந்துவிட்டது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

ஆனாலும் தெருவில், ஆலையில், சந்தையில் ஒன்றாக வேலை செய்தவர்கள் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். பர்மியர்களுக்கு மொய்ங்கா காலை உணவு. மீனை வேகவைத்து உதிர்த்து, எலுமிச்சைப்புல்லும் இஞ்சியும் வாழைத்தண்டும் சேர்த்துக் கொதிக்கவைத்து, கடலை மாவால் கெட்டிப்படுத்தி, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றுவார்கள். மேலே பருப்பில் பொரித்த வடையை நொறுக்கிப் போடுவார்கள். அந்தப் பருப்பு வடைதான் இங்கே பேஜோ என்ற தனிப் பண்டமாக வளர்ந்தது. தேங்காய்ப்பாலில் கோழியும் நூடுல்சும் சேர்ந்த கவ்சுவே விசேஷ நாள் சாப்பாடு. என் மாமியார் பர்மாவின் பெகு நகரில் பிறந்தவர். அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால், “காலையில மொய்ங்கா, ராத்திரி ரசம் சோறு. எங்களுக்கு ரெண்டுமே நம்ம சாப்பாடுதான், மாப்பிள்ளை” என்பார்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு வீசின. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் குறைவு. லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டார்கள். ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா அப்படி நடந்து வந்தவர்களில் ஒருவர். அந்தப் பயணத்தை அவர் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். போர் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். 1948 ஜனவரி 4 அன்று பர்மா சுதந்திரம் பெற்றது. பல தமிழர்கள் குடியுரிமை எடுக்காமலே பழைய வாழ்க்கையைத் தொடர்ந்தார்கள்.

1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின. பெரிய வியாபாரிகளோடு சேர்ந்து மளிகைக்கடை, துணிக்கடை வைத்திருந்த சிறு வியாபாரிகளும் ஒரே நாளில் வெறுங்கையோடு நின்றார்கள். அதே ஆண்டு மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. பெட்டியில் சேர்த்து வைத்திருந்த சேமிப்பும் போயிற்று. அந்தப் பத்தாண்டில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். தமிழகத்துக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

என் மாமியாரின் தந்தைக்கு பெகுவில் சின்ன மளிகைக்கடை. கடைக்கு அரசாங்கப் பலகை மாட்டிய மறுநாள் அவரே அந்தக் கடை வாசலில் வரிசையில் நின்று உப்பு வாங்கினாராம். 1965-இல் குடும்பம் கப்பல் ஏறியது. கையோடு கொண்டுவர அனுமதித்தது துணிமணி, சில பாத்திரங்கள், பெயருக்குக் கொஞ்சம் பணமும் நகையும். இறக்குமதிப் பட்டியல் எழுதியே வாழ்க்கையை ஓட்டியவன் நான். எந்தக் கப்பலில் எந்தச் சரக்கு எத்தனை பெட்டி வந்தது என்று காகிதம் இல்லாமல் துறைமுகத்தில் ஒரு துரும்பு நகராது. இந்தச் சமையல் மட்டும் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் இந்த ஊருக்குள் வந்தது. எடை பார்க்கவோ பறிமுதல் செய்யவோ முடியாத உடைமை அவர்களிடம் அது ஒன்றுதான் இருந்தது.

வந்தவர்களை அரசு முகாம்களில் தங்கவைத்து, பிறகு வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியமர்த்தியது. 1969-இல் இரண்டு முக்கியமான காரியங்கள் நடந்தன. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியவர்களுக்குக் கடன் கொடுக்க ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, இன்றைய ராஜாஜி சாலையின் ஓரத்தில், பர்மாக்காரர்களுக்கென்று கடைகள் ஒதுக்கப்பட்டுப் பர்மா பஜார் உருவானது. 1991-க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு தளரும் வரை டேப்ரிக்கார்டர், ஜப்பான் கைக்கடிகாரம், சென்ட் பாட்டில், சிங்கப்பூர் சேலை என்றால் ஊரே அங்கேதான் போனது. பஜாரில் இடம் கிடைத்தவர்கள் கடை வைத்தார்கள். கிடைக்காதவர்களில் பலர் தள்ளுவண்டி போட்டார்கள்.

முதல் வாடிக்கையாளர்கள் அந்தப் பஜார்க் கடைக்காரர்களேதான். அவர்களுக்கு அது பழகிய சாப்பாடு. வண்டிக்காரரும் சாப்பிடுபவரும் பர்மிய மொழியில் பேசிக்கொள்வார்கள். என் மாமனார் வண்டி போட்ட புதிதில் காலனிக்காரர்களும் பஜார்க்காரர்களும் தவிர வேறு யாரும் நிற்க மாட்டார்களாம். பிறகு துறைமுகத் தொழிலாளர்கள் வந்தார்கள், கோர்ட்டு குமாஸ்தாக்கள் வந்தார்கள், பூக்கடைப் பக்கத்து வியாபாரிகளும் கல்லூரி மாணவர்களும் வந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வண்டி முன்னால் நிற்பவர்களில் பர்மாவைப் பார்க்காதவர்களே அதிகம். “காரம் தூக்கலா, அண்ணே?” என்ற கேள்வி தமிழுக்கு மாறியிருந்தது.

சாப்பாடும் மாறியது. பர்மாவில் நூடுல்ஸ் பிசையும்போது காய்ந்த இறால்பொடியும் மீன் நொதித்த சாறும் சேர்ப்பார்கள். சென்னைக்காரர்களில் பலருக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை. கூடவே அவை செலவும் வைத்தன. மெல்ல அவை விடுபட்டு, அந்த இடத்தைப் பொரித்த வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சையும் பிடித்துக்கொண்டன. மொய்ங்காவில் மீன் போய், வாழைத்தண்டு மட்டும் நின்றது. சைவம் சாப்பிடுபவர்களும் தைரியமாக ஒரு ப்ளேட் கேட்க முடிந்தது இதனால்தான். பர்மாவில் வறுத்த கடலைமாவு போட்ட இடத்தில் இங்கே எந்த மளிகைக்கடையிலும் கிடைக்கும் பொட்டுக்கடலையை அரைத்துப் போட்டார்கள்.

வீட்டில் மட்டும் பழைய பக்குவம் பிழைத்திருந்தது. மாமியார் தன் மகளுக்குச் செய்து கொடுக்கும் அத்தோவில் இறால்பொடி இருக்கும். காசிமேட்டில் வாங்கிய சின்ன இறால் கருவாட்டை வெறும் சட்டியில் வறுத்து, அம்மியில் பொடித்து வைத்திருப்பார். தெருவில் விற்றதற்கும் இதற்கும் இவ்வளவு வித்தியாசமா என்று கேட்டபோது அவர் தயங்காமல் சொன்னார்: “அது சாப்பிடுறவங்களுக்குப் பிடிச்ச மாதிரி. இது எங்க அம்மா செஞ்ச மாதிரி. ரெண்டும் அத்தோதான்.” பிழைப்புக்காக மாற்றியதை அவர்கள் குறைவாக நினைத்ததே இல்லை. வாடிக்கையாளரை மதித்துச் செய்த மாற்றம் அது. அசல் எது, போலி எது என்று இன்று ஆராய்பவர்கள் இந்தப் பதிலை மனதில் கொள்ள வேண்டும்.

கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாகவும் நடக்கவில்லை. இன்றைக்கும் ரங்கூன் தெருக்களில் நம் தோசை விற்கிறது. பர்மியர்களே ஊற்றி, பர்மியர்களே சாப்பிடுகிறார்கள். பிரியாணிக் கடைகளில் சோற்றோடு வரும் புளிப்பான பருப்புக் குழம்பு நம் சாம்பாருக்கு நெருங்கிய சொந்தம். கடன் பத்திரமும் நிலமும் கலவரமும் பிரித்துப்போட்ட இரண்டு மக்களின் அடுப்படிகள் இன்னும் ஒன்றுக்கொன்று உறவாகவே இருக்கின்றன. 1960-களில் தமிழகம் வந்தும் இங்கே ஒட்டாமல், தரை வழியாகப் பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று கிளம்பிய குடும்பங்கள் மணிப்பூர் எல்லையில் தடுக்கப்பட்டு, அங்கிருக்கும் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டன. அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் எழுந்தன. எங்கே தங்கினாலும் பர்மாவும் தமிழகமும் அவர்களோடு சேர்ந்தே தங்கின.

இன்று சென்னையில் கொரிய உணவகம் இருக்கிறது, ஜப்பானிய உணவகம் இருக்கிறது, அரபு மந்தி கிடைக்காத பேட்டை இல்லை. 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அதன் பொறியாளர்களுக்காக வந்த கொரியச் சமையலை இப்போது நம் பிள்ளைகள் தேடிப்போய்ச் சாப்பிடுகிறார்கள். மகிழ்ச்சிதான். அந்த உணவகங்கள் முதலீட்டோடும் சம்பளத்தோடும் வந்தவை. அத்தோ வந்தபோது அதற்குப் பின்னால் எந்த நிறுவனமும் இல்லை. எல்லாவற்றையும் இழந்தவர்கள் மறுநாள் சோற்றுக்காகத் தெருவில் இறங்கிச் செய்தது அது. வட சென்னைக்காரன் இன்றைக்கு அதைத் தன் ஊர்ச் சாப்பாடு என்று உரிமையோடு சொல்கிறான் என்றால், அந்த உரிமை இரண்டு தலைமுறை உழைப்பில் வந்தது.

அந்த உழைப்புக்கு இந்த நகரம் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. சாலை வேலை, நடைபாதை வேலை என்று எது தொடங்கினாலும் முதலில் நகரச் சொல்வது தள்ளுவண்டியைத்தான். நகர்ந்த வண்டிக்குப் பழைய இடம் திரும்பக் கிடைப்பது நிச்சயமில்லை. புது இடத்தில் பழைய வாடிக்கை இருக்காது. ஆனால் 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தெரு வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது. பர்மா பஜார் அமைந்த 1969-இலிருந்து கணக்குப் போட்டால் 2019-லேயே ஐம்பது ஆண்டு முடிந்துவிட்டது. பஜாரையும் அதை ஒட்டிய அத்தோ வண்டிகளையும் அந்தச் சட்டத்தின்கீழ்ப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க மாநகராட்சி முன்வர வேண்டும். வண்டிக்காரர்களும் சேர்ந்து அதைக் கேட்க வேண்டும்.

சட்டம் இடத்தைக் காப்பாற்றும். பக்குவத்தை வீடுகள்தான் காப்பாற்ற வேண்டும். 1964-இல் பதினைந்து வயதில் கப்பல் ஏறியவருக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டியிருக்கும். பி.வி. காலனியில் பிறந்த பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பாட்டி பூண்டை எந்த நிறத்தில் இறக்குகிறார், இறால்பொடியை எந்தக் கட்டத்தில் சேர்க்கிறார், எந்த ஊரில் யாரிடம் கற்றார் என்பதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். எந்தத் துறைமுகக் கணக்கிலும் ஏறாத சரக்கு அது. அதற்கான பட்டியலை எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான்.